வினவல் அடையாள எண்ணை நீட்சிகள் பகிர்ந்துகொள்ளச் செய்வது எப்படி?

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடையைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பதிவதாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர் 97-க்கும் 412-க்கும் எடையைத் தேடும் வினவல்களில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளில், உறுப்பினர் எண் மட்டுமே வேறு. ஆகவே இரண்டுக்கும் ஒரே வினவல் அடையாள எண்தான் கிடைக்கும்.

2021-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 14-ஆம் பதிப்பிலிருந்து இந்த எண்ணைத் தரவுத்தளமே கணக்கிட்டு, எல்லா நீட்சிகளுக்கும் (தரவுத்தளத்துடன் சேர்க்கும் கூடுதல் நிரல்களுக்கு) பொதுவாகத் தருகிறது. முதலில், சர்வர் தொடங்கும்போதே ஏற்ற வேண்டியவற்றைக் குறிக்கும் 'ஷேர்டு_பிரீலோட்_லைப்ரரீஸ்' அமைப்பில், வினவல்களின் புள்ளிவிவரம் சேர்க்கும் 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' நீட்சியைச் சேர்த்து, சர்வரை மறுதொடக்கம் செய்து, உரிய தரவுத்தளத்தில் அந்நீட்சியை உருவாக்குங்கள். எண்ணைக் கணக்கிடுவதைக் கட்டுப்படுத்தும் 'கம்ப்யூட்_கொயரி_ஐடி' அமைப்பு 'ஆட்டோ' என்றே இருக்கட்டும். எண் தேவைப்படும் நீட்சி ஏற்றப்படும்போது தானே கேட்டு அந்தக் கணக்கீட்டை இயக்கிக்கொள்ளும். தனக்கென வேறு முறையில் எண் கணக்கிடும் நீட்சியை நிறுவினால் மட்டும் இந்த அமைப்பை 'ஆஃப்' ஆக்க வேண்டும், ஏனெனில் தரவுத்தளமும் நீட்சியும் இரண்டுமே கணக்கிட்டால் பிழை வரும்.

இனி, நடப்புச் செயல்பாடுகளைக் காட்டும் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யில் இந்நொடி ஓடும் வினவலின் எண்ணை எடுத்து, 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' பட்டியலில் தேடினால், அது எத்தனை முறை ஓடியது, சராசரியாக எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்பது தெரியும். சர்வர் எழுதும் பதிவேட்டின் (லாக்) ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வரும் முன்னொட்டு அமைப்பில் விழுக்காட்டுக் குறியுடன் பெரிய 'க்யூ' எழுத்தைச் சேர்த்தால் அங்கும் அதே எண் வரும். ஆனால் வினவல்களைப் பதிவேட்டில் எழுதும் 'லாக்_ஸ்டேட்மென்ட்' அமைப்பு எழுதும் வரிகளில் சுழியமே இருக்கும், எண் கணக்கிடப்படுமுன்பே அவை எழுதப்பட்டுவிடுகின்றன. அதனால், குறித்த நேரமோ அதற்கு மேலோ எடுத்த வினவல்களைப் பதியும் 'லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்' அமைப்பையே நான் பரிந்துரைக்கிறேன்.