உங்கள் ஊரில் இலவச கண் முகாம் நடத்துவது எப்படி

லயன்ஸ், ரோட்டரி என்று எந்தச் சங்கமாக இருந்தாலும் சரி, முதன்முறையாகக் கண் முகாம் நடத்தலாம் என்று பேச்சு எழுந்ததுமே எல்லோரும் பணத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். பணம் எப்படியும் சேர்ந்துவிடும். கண்புரை இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகும், "வீட்டுல ஆடு கெடக்கு, அதை யாரு பாக்குறது" என்று நைசாகக் கிளம்பப் பார்க்கும் பாட்டியை அன்று சாயங்காலமே பஸ்ஸில் ஏற்றுவதுதான் பெரிய வேலை. ஆள்பலம் வேண்டியது அதற்குத்தான்.

முதலில் மருத்துவமனையைப் பிடியுங்கள். மதுரையைச் சுற்றி இருப்பவர்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனை தெரியாமல் இருக்காது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கியது, இன்று தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று பல ஊர்களில் இருக்கிறது. இப்படி முகாம் நடத்தும் மருத்துவமனைகளில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும், நேரில் போய்ப் பேசினால் வேலையைப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். பொதுவாக டாக்டர்கள், கருவிகள், ஆபரேஷன், உள்ளே வைக்கும் லென்ஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம், விளம்பரம், சாப்பாடு, தொண்டர்கள் சங்கத்தின் பொறுப்பு. நோயாளிகளை ஏற்றிப்போகும் பஸ் செலவு யாருடையது என்பதை மட்டும் அன்றே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரசு சார்பில் கண் நலப் பணிகளைக் கவனிக்கும் மாவட்ட பார்வை இழப்பு தடுப்புச் சங்கத்துக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

தேதி குறிக்கும்போது காலண்டரில் முகூர்த்த நாளா என்று பாருங்கள். முகூர்த்தம் என்றால் தொண்டர்களும் வரமாட்டார்கள், நோயாளிகளும் வரமாட்டார்கள். நடவு, அறுப்பு, ஊர்த் திருவிழா சமயங்களையும் தவிர்த்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடத்துவதே வசதி. பார்வைப் பலகை வைக்க ஆறு மீட்டர் நீளமுள்ள இடம், ஜன்னலை மூடினால் இருட்டாகும் ஒரு அறை, கரண்ட், குடிதண்ணீர், வயதானவர்கள் படியேறாமல் போய்வரக் கழிப்பறை, இவ்வளவும் இருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

விளம்பரத்துக்கு பிளக்ஸ் அடித்துக் காசைக் கரைக்க வேண்டாம், அதிலும் நிர்வாகிகள் முகம் போட்ட பிளக்ஸ் வேண்டவே வேண்டாம். கண் தெரியாதவருக்காக நடத்தும் முகாம் இது, அவர் பிளக்ஸைப் படிக்கப்போவதில்லை. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது, ரேஷன் கடை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலை நடக்கும் இடம் என்று ஆட்கள் கூடுகிற இடத்தில் நேரில் சொல்வது, இவைதான் வேலைக்கு ஆகும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாக சுகர், பிரஷர் மாத்திரை கொடுத்து வருகிறார்களே, அந்தப் பணியாளர்களிடம் கட்டாயம் பேசுங்கள். எந்தத் தெருவில் யாருக்குப் பார்வை மங்கியிருக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆபரேஷனுக்குப் போகவும் தயாராக வரச் சொல்லுங்கள்: மாற்றுத்துணி, சாப்பிட்டு வரும் மாத்திரைகள், ஆதார் நகல், வீட்டில் ஒருவருடைய போன் நம்பர். சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வரக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

இனி பணம். பெரிய மனிதர் ஒருவரையே நம்பி இருக்காதீர்கள். பொத்தாம்பொதுவாக நன்கொடை கேட்பதைவிட, இன்ன பொருள் வேண்டும் என்று கேட்டால் சட்டென்று கிடைக்கும். பந்தல்காரரிடம் நாற்காலி, வாட்டர் கேன் போடுபவரிடம் தண்ணீர், அரிசி மண்டியில் இரண்டு மூட்டை, பிரஸ்காரரிடம் நோட்டீஸ். அப்பா அம்மா நினைவு நாளுக்கு அன்னதானம் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், மதியச் சாப்பாட்டை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள். ரொக்கமாக வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நம்பர் போட்ட ரசீது கொடுங்கள். வரிவிலக்கு கேட்பவர்களிடம், உங்கள் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருந்தால் மட்டுமே உண்டு என்று சொல்லுங்கள். பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, செக்காகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள்.

லயன்ஸ் சங்கங்களில் ஒரு நல்ல விதி உண்டு. பொதுமக்களிடம் வாங்கிய பணத்துக்குத் தனிக் கணக்கு, உறுப்பினர் சந்தாவில் நடக்கும் நிர்வாகச் செலவுக்குத் தனிக் கணக்கு, பொதுமக்கள் பணத்தை எடுத்து நிர்வாகச் செலவில் போடக்கூடாது. எந்தச் சங்கமாக இருந்தாலும் இதை அப்படியே பின்பற்றுங்கள். விருந்தினருக்குப் போடும் சால்வை, கூட்டம் முடிந்து குடிக்கும் காபி எல்லாம் உறுப்பினர்கள் கைக்காசு. முகாமுக்கு என்று கொடுத்த பணம் முகாமுக்கு மட்டும்தான்.

முகாம் அன்று மேடைப் பேச்சை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். விடியற்காலையே வந்து பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் வரவேற்புரை, வாழ்த்துரை என்று நீட்டுவது பாவம். பதிவு செய்யும் மேஜையில் கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளைகளை உட்கார வையுங்கள். நல்ல பேச்சுத் திறமை உள்ளவர்களை, முக்கியமாகப் பெண்களை, டாக்டர் அறைக்கு வெளியே நிறுத்துங்கள். ஆபரேஷன் என்றதும் பயம் வருவது அங்கேதான். "புரை நல்லாப் பழுக்கட்டும், பிறகு பாக்கலாம்" என்பார்கள். இப்போதைய சிகிச்சைக்குப் பழுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, முற்றவிட்டால்தான் சிக்கல் என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், நாம் பேசுவதைவிட அவர் பேச்சு எடுபடும். ஆடு மாடுதான் பிரச்சினை என்றால் பக்கத்து வீட்டில் பேசி ஏற்பாடு செய்யுங்கள், ஆள் இல்லாவிட்டால் சங்கத்தில் ஒருவர் போய் இரண்டு நாள் தீவனம் போடட்டும். மகனிடம் கேட்க வேண்டும் என்று ஒரு அம்மா தயங்கினால், அங்கேயே போன் போட்டு மகனிடம் பேசுங்கள்.

பஸ்ஸில் உங்கள் ஆள் ஒருவராவது கூடப் போகவேண்டும். தெரிந்த முகம் கூட இருந்தால் அவர்களுக்குத் தைரியம். திரும்பி வருகிற நாளில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடுவரை கொண்டுபோய் விடுங்கள். சொட்டு மருந்தை எப்போது, எத்தனை தடவை போடவேண்டும் என்பதை வீட்டில் இருப்பவரிடம் சொல்லிக் காட்டுங்கள், கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, விறகடுப்புப் புகையில் நிற்கக்கூடாது என்பதையும் சேர்த்து. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை குறைந்தாலோ உடனே கூப்பிட ஒரு போன் நம்பரை அவர்கள் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதிவிட்டு வாருங்கள். மறுபரிசோதனைக்கு மருத்துவமனை சொல்லும் தேதிக்கு முதல் நாள், பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுங்கள். போன் எடுக்காத வீட்டுக்கு நேரில் போங்கள்.

வரவு செலவை ஒரே தாளில் எழுதி, கொடுத்தவர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, முகாம் நடந்த பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு ஆபரேஷன் எழுதினார்கள், அதில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மறுபரிசோதனைக்கு வந்தார்கள் என்ற நான்கு எண்களும் அதில் இருக்கட்டும். எழுதியும் போகாதவர்களின் பெயர்களைச் செயலாளர் தனியாக ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த முகாமுக்கு ஆள் திரட்டப் போகும்போது முதலில் தட்டவேண்டியது அந்த வீட்டுக் கதவுகளைத்தான்.