பலகையில் ஜெயித்து கடிகாரத்தில் தோற்பது: வேக செஸ்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று நிமிட ஆட்டம். கையில் ஒரு யானை அதிகம். உங்கள் கடிகாரத்தில் 4 விநாடி, எதிராளிக்கு 35. இது எப்படி முடியும் என்று ஆன்லைனில் பிளிட்ஸ் (சில நிமிட வேக செஸ்) ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். தோற்றதும் "கை வேகம் போதவில்லை" என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஆட்டத்தையே திறந்து, ஒவ்வொரு மூவுக்கும் எத்தனை விநாடி போனது என்று பார்த்தால் காரணம் வேறு இடத்தில் இருக்கும். 14-வது மூவில், யானையை டி1 கட்டத்தில் வைப்பதா இ1 கட்டத்தில் வைப்பதா என்று 38 விநாடி யோசித்திருப்பீர்கள். எதை ஆடியிருந்தாலும் ஆட்டம் பெரிதாக மாறியிருக்காது. தோல்வி தொடங்கியது அங்கேதான்.

வேக செஸ்ஸில் நடக்கும் தவறுகளில் செஸ் தெரியாததால் வருபவை குறைவு. தெரிந்ததை எங்கே, எத்தனை விநாடிக்குள் பயன்படுத்துவது என்ற கணக்கு இல்லாததால் வருபவைதான் அதிகம்.

கணக்கில்லாமல் யோசிப்பது

3+0 (3 நிமிடம், மூவுக்குக் கூடுதல் விநாடி இல்லை) என்றால் மொத்தம் 180 விநாடி. ஆட்டம் 40 மூவ் போனால் மூவுக்கு நாலரை விநாடி, 60 போனால் 3 விநாடிதான். 3+2-இல் ஒவ்வொரு மூவுக்கும் 2 விநாடி கூடுவதால் 40 மூவுக்கு 260 விநாடி கிடைக்கும், சராசரி ஆறரை. 1+0-இல் வெறும் ஒன்றரை விநாடி. ஆனால் சராசரியைப் பிடித்துக்கொண்டு எல்லா மூவுக்கும் ஒரே அளவு நேரம் கொடுப்பதும் தவறு. 3+0-க்கு ஒத்துவரும் பங்கீடு இது: முதல் 10 மூவுக்கு 20 விநாடி, அடுத்த 20 மூவுக்கு 115 விநாடி, மீதிக்கு 45 விநாடி. அதாவது 10-வது மூவ் முடியும்போது கடிகாரத்தில் 2:40, 30-வது மூவ் முடியும்போது 45 விநாடி இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். எதிராளியின் கடிகாரத்தையும் பாருங்கள். அவரைவிட 20 விநாடி பின்தங்கினால் அடுத்த நான்கைந்து மூவை உடனே ஆடிவிடுங்கள்.

எந்த மூவ் நீண்ட யோசனைக்குத் தகும்? மூன்று இடங்களைச் சொல்லலாம். ஒரு காயை இரண்டு மூன்று விதமாக வெட்ட முடியும், வெட்டும் விதத்தைப் பொறுத்து ஆட்டமே மாறும் என்ற நிலை. இரு தரப்பு ராணிகளும் வெட்டப்பட்டு வெளியேறப் போகும் நிலை. அதன் பிறகு வரும் எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) யாருக்குச் சாதகம் என்று பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது, ராஜாவுக்கு எதிராக நேரடித் தாக்குதல் தொடங்கும் கணம், அது உங்கள் ராஜாவானாலும் சரி, அவருடையதானாலும் சரி. இங்கெல்லாம் 15 விநாடி வரை கொடுக்கலாம், அதுவும் ஓர் ஆட்டத்தில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். இரண்டு மூவ் சமமாகத் தோன்றினால் எந்தக் காயும் காவலின்றி நிற்காத மூவைத் தேர்ந்தெடுத்து ஆடிவிட வேண்டும். சமமாகத் தோன்றும்போது இன்னும் 20 விநாடி யோசித்தாலும் அவை பெரும்பாலும் சமமாகவே தோன்றும்.

எதிராளி யோசிக்கும் நேரத்தைப் பயன்படுத்தாமல் வீணாக்குவதைப் பலர் தவறாகவே எண்ணுவதில்லை. அவர் யோசிக்கும்போது உங்களுக்கு இலவசமாக நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் நீளமான வரிசைகளைக் கணக்கிடாதீர்கள், அவர் வேறு மூவ் ஆடினால் அத்தனையும் வீண். அதற்குப் பதிலாக, என்னுடைய எந்தக் காய் காவல் இல்லாமல் நிற்கிறது, அவருடையது எது, என் காய்களில் எது வேலையில்லாமல் இருக்கிறது என்று பாருங்கள். இவை அவர் எதை ஆடினாலும் பயன்படும்.

ப்ரீமூவை நம்பிக் காயை இழப்பது

எதிராளி ஆடுவதற்கு முன்பே உங்கள் மூவைப் போட்டுவைப்பது ப்ரீமூவ். லிச்செஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் போட முடியும், அதற்கு நேரம் கழிவதில்லை. செஸ்.காமில் வரிசையாகப் பல போடலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி கழியும். நேரம் மிச்சமாகும் என்று முதல் மூவிலிருந்தே இதைப் பழக்கமாக்கிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்கென்றே தெரிந்த பொறிகள் இருக்கின்றன.

வெள்ளை சிப்பாயை டி4-க்கு நகர்த்துகிறார். கறுப்பு ஜி6 ஆடிவிட்டு, அடுத்து பிஷப்பை ஜி7-இல் வைக்க ப்ரீமூவ் போட்டிருக்கிறார். வெள்ளை தன் பிஷப்பை எச்6-இல் கொண்டுபோய் வைக்கிறார். பார்த்து ஆடினால் அந்த பிஷப் இலவசம். எஃப்8 பிஷப்பும் வெட்டலாம், ஜி8 குதிரையும் வெட்டலாம். ப்ரீமூவ் போட்டதால் கறுப்பு பிஷப் தானாக ஜி7-க்குப் போகிறது, வெள்ளை அதை வெட்டுகிறார், அடுத்து எச்8 யானையும் தப்ப முடியாது. இரண்டாவது மூவிலேயே ஆட்டம் முடிந்த மாதிரிதான். வெள்ளை தரப்பிலும் இதே கதை நடக்கும். டி4 ஆடி பிஷப்பை எஃப்4-க்கு ப்ரீமூவ் போட்டிருக்கும்போது கறுப்பு சிப்பாய் இ5-க்கு வந்தால், பிஷப் நேராக அந்தச் சிப்பாயின் வாயில் போய் விழும்.

பாதுகாப்பான ப்ரீமூவ் எது என்றால், பதிலுக்கு வெட்டுவது. அவர் உங்கள் காயை வெட்டினால் திரும்ப வெட்டும்படி போட்டுவைக்கிறீர்கள். அவர் வெட்டாமல் வேறு ஆடினால் அந்தக் கட்டத்தில் உங்கள் காயே நிற்பதால் ப்ரீமூவ் தானாக ரத்தாகிவிடும். சிப்பாயால் குறுக்கே வெட்டும் ப்ரீமூவும் அப்படித்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: திரும்ப வெட்டப் போகும் காய் கடைசி வரிசையையோ வேறொரு காயையோ காத்துக்கொண்டிருந்தால் ப்ரீமூவ் வேண்டாம், அது நகர்வதற்காகவே அவர் காத்திருக்கலாம். செக் வாங்கிய பிறகு உங்களுக்கு ஒரே ஒரு மூவ்தான் உண்டு என்பது முன்கூட்டியே தெரிந்தால் அதையும் போடலாம். எதிராளியின் காய்கள் எட்டவே முடியாத இடத்தில் ஓடும் சிப்பாயும் சரி. இவற்றைத் தவிர்த்து, பிளிட்ஸில் 20 விநாடிக்கு மேல் கையில் இருக்கும்போது ப்ரீமூவ் தேவையே இல்லை.

ஓப்பனிங்கை வாரத்துக்கு ஒன்றாக மாற்றுவது

ஒரு தோல்வி வந்தால் ஓப்பனிங்கை (ஆட்டத்தின் தொடக்க மூவ் வரிசையை) குறை சொல்வது எளிது. வேக ஆட்டத்தில் ஓப்பனிங்கின் வேலை 10 மூவைக் குறைந்த நேரத்தில் கடத்தி, உங்களுக்குப் பழகிய சிப்பாய் அமைப்பைக் கொடுப்பது மட்டும்தான். வெள்ளைக்கு ஒன்று, கறுப்பாக ஆடும்போது வெள்ளையின் முதல் மூவ் இ4 என்றால் ஒன்று, டி4 என்றால் ஒன்று, மொத்தம் மூன்று போதும். வெள்ளைக்கான லண்டன் முறையும் கறுப்புக்கான காரோ-கான்னும் இதனால்தான் வேக ஆட்டக்காரர்களிடம் செல்வாக்காக இருக்கின்றன. எதிராளி எதை ஆடினாலும் காய்கள் ஏறக்குறைய அதே இடங்களில் வந்து உட்காரும். குறைந்தது 100 ஆட்டம் ஒரே ஓப்பனிங்கில் ஆடிப் பாருங்கள். எந்த மூவில் வழக்கமாகத் தடுமாறுகிறீர்கள் என்று அப்போதுதான் தெரியும்.

கடைசி மூவைப் பார்க்காமல் ஆடுவது

வேக ஆட்டத்தில் காய் பறிபோவதற்கு ஆழமான கணக்கு காரணமாக இருப்பது அரிது. அவர் இப்போது நகர்த்திய காய் எதைத் தாக்குகிறது, அது விலகியதால் எந்தப் பாதை திறந்தது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல், தன் திட்டத்தின் அடுத்த மூவை ஆடுவதுதான் காரணம். இந்தக் கேள்விகளுக்கு ஒரு விநாடி போதும். அதைக்கூட மிச்சம் பிடிக்க முயல்வது வீண் சிக்கனம். கண்ணில் படாமல் தப்புபவை குறிப்பிட்ட சில: ராணி பலகையின் மறுகோடியிலிருந்து குறுக்காகப் பின்னோக்கி வருவது, குதிரை செக் கொடுத்துக்கொண்டே யானையைப் பிடிப்பது, எஃப்2, எஃப்7 கட்டங்களில் விழும் அடி, சிப்பாயைத் தள்ளித் தப்ப வழி வைக்காத ராஜாவுக்குக் கடைசி வரிசையில் மேட்.

இதற்கு நிரந்தர மருந்து ஆடும் பாணியில் இருக்கிறது. காய்களை ஒன்றுக்கொன்று காவலாக வையுங்கள். காவல் இல்லாத காய் இருந்தால்தான் இரட்டைத் தாக்குதல் பெரும்பாலும் பலிக்கும். நிதான ஆட்டத்தில் காவலின்றி ஒரு குதிரையை முன்னே நிறுத்தி வைப்பது சரியான மூவாகவே இருக்கலாம். 20 விநாடி மிச்சமிருக்கும்போது அதே குதிரை பெரும் சுமை.

கடைசி 20 விநாடி

முன்னிலையில் இருந்து நேரம் குறைவாக இருந்தால் ராணிகளை மாற்றிக்கொள்ளுங்கள். எதிராளியின் தந்திரங்கள் குறையும், மூவ் தேர்வும் எளிதாகும். காய் குறைவாக இருந்து நேரம் அதிகமாக இருந்தால் தலைகீழாக ஆட வேண்டும்: ராணியை விடாதீர்கள், அவர் நின்று யோசிக்க வேண்டிய மிரட்டல்களைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வெறும் செக் அதற்கு எப்போதும் உதவாது. ஓட ஒரே கட்டம் இருக்கும் செக்குக்கு அவர் யோசிக்காமல் பதில் ஆடிவிடுவார், நேரம் அவருக்குப் போகாது. இரண்டு மூன்று பதில்கள் இருந்து, அதில் ஒன்று தவறாக அமையும் செக்தான் விநாடிகளைத் தின்னும்.

தனி ராஜாவுக்கு எதிராக ராணியைக் கொண்டு மேட் செய்ய, எந்த நிலையானாலும் சரியாக ஆடினால் 10 மூவுக்கு மேல் ஆகாது. யானையைக் கொண்டு என்றால் அதிகபட்சம் 16. இதை 10 விநாடிக்குள் கை தானாகச் செய்யும்படி பழகாதவர்கள் ஜெயித்த ஆட்டங்களை டிராவாகவும் தோல்வியாகவும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ராணிக்கான வழி இது: எதிரி ராஜாவிலிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை நிறுத்துங்கள். அவர் எந்தப் பக்கம் நகர்கிறாரோ ராணியையும் அதே பக்கம் அதே அளவு நகர்த்துங்கள். அவர் ஓரத்துக்குத் தள்ளப்படுவார். ஓரத்துக்கு வந்ததும் ராணியால் அந்த வரிசையைப் பூட்டிவிட்டு உங்கள் ராஜாவை அருகில் கொண்டுவாருங்கள். இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. அவர் மூலைக்குப் போன பிறகும் அதே குதிரைத் தாவல் தூரத்தைப் பின்பற்றினால் ஸ்டேல்மேட். அவர் ராஜா எச்8-இல், உங்கள் ராணி எஃப்7-இலோ ஜி6-இலோ நின்றால் அவருக்கு நகர இடமே இல்லை, செக்கும் இல்லை, ஆட்டம் டிரா. மூலையை நெருங்கும்போது மட்டும் ஒரு மூவ் நின்று பாருங்கள்.

சிப்பாயைத் தானாக ராணியாக்கும் அமைப்பை வேக ஆட்டத்துக்குப் போட்டுவைப்பது நல்லது. ஏற்கெனவே ஒரு ராணி இருக்கும்போது இரண்டாவது, மூன்றாவது ராணி என்று சேர்த்துக்கொண்டே போவதுதான் ஆபத்து. ஒவ்வொரு புதிய ராணியும் ஸ்டேல்மேட்டின் வாய்ப்பைக் கூட்டும். நேரம் தீர்ந்தால் என்ன ஆகும் என்ற விதியும் தளத்துக்குத் தளம் மாறும். எதிராளியிடம் ஒற்றைக் குதிரை மட்டும், உங்களிடம் ஒரு சிப்பாய், உங்கள் நேரம் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செஸ்.காமில் அது டிரா. லிச்செஸ்ஸில் தோல்வி, ஏனென்றால் அந்தக் காய்களைக் கொண்டு எப்படியாவது ஒரு மேட் நிலை உருவாக முடியும் என்பதே அங்கே அளவுகோல். 5 விநாடியில் அந்தச் சிப்பாயைக் காப்பாற்றுவதா, கொடுத்துவிடுவதா என்பது இதைத் தெரிந்தவருக்கே விளங்கும்.

கருவியைக் கவனிக்காதது

சுருக்கமாகச் சொன்னால் போதும். காய் நகரும் அசைவூட்டத்தை நிறுத்திவிடுங்கள். கணினியில் டச்பேடை விட்டு மவுஸுக்கு மாறுங்கள். இழுத்து வைப்பதா, தொட்டுத் தொட்டு ஆடுவதா என்பதில் ஒன்றை மட்டும் பழகுங்கள். லிச்செஸ்ஸில் இசட் விசையை அழுத்தினால் பெயரும் ரேட்டிங்கும் மறைந்து பலகையும் கடிகாரமும் மட்டும் நிற்கும். எதிராளியின் ரேட்டிங்கைப் பார்த்துத் தடுமாறுபவர்களுக்கு அது நிஜமான உதவி.

புல்லட்டையே பயிற்சியாக நினைப்பது

புல்லட் எனப்படும் 1+0 ஆட்டங்கள் தெரிந்ததை வேகமாகச் செய்யப் பழக்கும், புதிதாக எதையும் கற்றுத் தராது. முன்னேற 3+2 அல்லது 5+3 ஆடுங்கள். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பும் 3+2-இல்தான் நடக்கிறது. வாரத்துக்கு இரண்டு 15+10 ஆட்டமும் சேரட்டும். நிதானமாக ஒருமுறை பார்த்த நிலைதான் பிளிட்ஸில் ஒரு விநாடியில் அடையாளம் தெரியும். வேகம் விரலில் இருக்கிறது, வயது கூடினால் முடியாது என்ற எண்ணமும் சரியல்ல. விஸ்வநாதன் ஆனந்த் 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேபிட் (பிளிட்ஸைவிடச் சற்று நீண்ட வேக செஸ்) பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 48. அத்தனை ஆண்டுகளாகக் கண்ணில் பதிந்த நிலைகள்தான் அங்கே வேலை செய்தன.

புதிர் பயிற்சியிலும் இதே பிழை நடக்கிறது. 3 நிமிடத்தில் எத்தனை புதிர் என்ற ஓட்டத்தை மட்டும் ஆடினால் ஊகித்து ஆடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு 10 புதிரை, முழு விடையையும் மனதில் பார்த்த பிறகே முதல் காயைத் தொடுவது என்று வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஓட்டத்துக்குப் போங்கள். தொடர்ந்து மூன்று தோல்வி வந்தால் அன்றைக்கு ரேட்டிங் ஆட்டத்தை நிறுத்துங்கள். கோபத்தில் ஆடும் நான்காவது ஆட்டத்தில் எதிராளியின் மூவைப் பார்க்கும் அந்த ஒரு விநாடிதான் முதலில் காணாமல் போகும்.

உங்கள் பலமும் பலவீனமும் எங்கே என்று தெரிய, கடைசி 20 தோல்விகளை எடுத்து ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: ஜெயிக்கும் நிலையில் நேரம் தீர்ந்தது, 30 விநாடிக்கு மேல் இருக்கும்போதே காயைக் கொடுத்தது, 12-வது மூவுக்குள்ளேயே மோசமான நிலைக்குப் போனது, எண்ட்கேமில் தோற்றது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கோடு. கணினி ஆய்வைத் திறப்பதற்கு முன்பு நீங்களே போட வேண்டும். முதல் பத்தி நிரம்பினால் உங்கள் செஸ் நன்றாகவே இருக்கிறது, 2:40 - 45 விநாடி கணக்கைப் பிடியுங்கள். இரண்டாவது நிரம்பினால் நேரம் உங்கள் பலம். மூவுக்கு ஒரு விநாடி கூடுதலாகக் கொடுக்க உங்களிடம் இருக்கிறது. மூன்றாவது என்றால் அந்த ஓப்பனிங்கில் தடுமாறும் மூவைத் தேடிச் சரிசெய்யுங்கள். நான்காவது என்றால் ராணி மேட், யானை மேட், ஒரு சிப்பாயைக் கொண்டு ராஜா நடத்தும் எண்ட்கேம் ஆகிய மூன்றையும் கணினிக்கு எதிராக நாளுக்கு 15 நிமிடம் ஆடுங்கள். ஒரு மாதம் கழித்து அடுத்த 20 தோல்விகளுக்கு மறுபடி கோடு போட்டு, எந்தப் பத்தி குறைந்தது என்று பாருங்கள்.