இந்த நெடுந்துப்பாக்கியைச் செய்தவர் யார்?

பழைய பென்சில்வேனியா பாணியில் இன்றைய அமெரிக்கக் கைவினைஞர் செய்த சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், பெயரைத் தேடும் முன் உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். விசையைத் தொடாமல், இடிகோலை (மருந்தைக் குழலுக்குள் இடித்து இறக்கும் நீண்ட கோல்) குழலுக்குள் இறக்கி அடையாளமிட்டு, அதே நீளத்தை வெளியே குழலோடு வைத்து அளந்து பாருங்கள். மருந்துக்கு நெருப்புப் போகும் பக்கவாட்டுத் துளை வரை எட்டவில்லையென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, விவரமறிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிறகு எண்கோணக் குழலின் மேல்பட்டையைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கையொப்பமோ முதலெழுத்துகளோ பெரும்பாலும் அங்கேதான் செதுக்கப்பட்டிருக்கும். மங்கியிருந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள், எழுத்து எழுந்து வரும். பாலிஷ் மட்டும் வேண்டாம்! அந்தப் பழுப்பு நிறம் செய்தவர் பொறுமையாக ஏற்றியது.

குழலின் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். அது பெரும்பாலும் குழல் தயாரித்த பட்டறையின் பெயர். சக்கிமுக்கிக் கல்லை அடித்துப் பொறி எழுப்பும் விசைப்பூட்டின் உள்பக்கப் பெயரும் அப்படியே. இரண்டையும் விலைக்கு வாங்கிப் பொருத்துவது இத்தொழிலில் சாதாரணம்.

பெயரே கிடைக்காவிட்டால், கட்டையில் கன்னம் பதியும் மேட்டின் பின்னே ஓடும் சுருள்கொடிச் செதுக்கலை நெருக்கமாகப் படமெடுத்து, இக்கலைக்கென்றே அமெரிக்காவில் இயங்கும் சமகால நெடுந்துப்பாக்கிச் சங்கத்தினரிடம் காட்டுங்கள். கொடி வளையும் விதத்திலேயே செய்தவரின் கை தெரியும்.