கோடை முடியும் முன் தோட்டத்தில் செய்ய வேண்டியதும், விளைந்ததைக் கெடாமல் வைப்பதும்

கோடை முடிகிற வாரங்களில் செடிகள் எல்லாம் சொல்லி வைத்த மாதிரி ஒன்றாகக் காய்க்கும். இன்று பிஞ்சாக இருக்கும் வெண்டையை இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் நார் ஏறி, கத்தி இறங்காத அளவுக்கு முற்றிவிடும். பீன்ஸும் வெள்ளரியும் அப்படித்தான். அதைவிடப் பெரிய நஷ்டம், ஒரு காய் செடியிலேயே முற்றி விதை பிடித்துவிட்டால் செடி புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் அன்றைய சமையலுக்குத் தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒன்று விட்டு ஒரு நாள் கூடையோடு போய்ப் பறித்துவிடுங்கள். காலையில் பனி உலர்ந்து வெயில் ஏறுவதற்கு முன்பு பறித்தால் காய் விறைப்பாக இருக்கும். பறித்த அன்றே பதப்படுத்தவும் நேரம் ஒதுக்குங்கள். மூன்று நாள் மூலையில் கிடந்து வாடிய காயை எந்த முறையில் வைத்தாலும் ருசி திரும்பாது.

தக்காளிதான் இந்தச் சமயத்தில் பொறுமையைச் சோதிக்கும். காய் பெருத்து நிற்கும், சிவக்காது. வெப்பம் தொடர்ந்து 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் சிவப்பு நிறமி உருவாவது தடைபடும், அதுதான் காரணம். நிறம் மாறத் தொடங்கிய காயைப் பறித்து, வீட்டுக்குள் 20 முதல் 25 டிகிரி இருக்கும் இடத்தில் வெயில் படாமல் பரப்பி வைத்தால் தானாகப் பழுக்கும். உயரமாக வளர்ந்துகொண்டே போகும் ரகம் என்றால், பருவம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள், மிச்சமிருக்கும் சத்து ஏற்கெனவே பிடித்த காய்களுக்குப் போகும். காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கியிருந்தால் நோய் என்று நினைத்து மருந்து அடிக்காதீர்கள். ஒரு நாள் காய விட்டு மறுநாள் குளமாக ஊற்றினால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சீராகப் போய்ச் சேராது, அதன் விளைவுதான் அது. தினமும் மேல் மண்ணை மட்டும் நனைப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வேர் வரை இறங்கும்படி ஊற்றி, காய்ந்த இலையோ வைக்கோலோ 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்குப் போடுவது நல்லது. தொட்டிச் செடிக்கு மட்டும் தினசரித் தண்ணீர் வேண்டும்.

காய்த்து ஓய்ந்த செடிகளை எடுத்துவிடுங்கள். பீன்ஸ், தட்டைப்பயறு மாதிரியானவற்றை வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுத்தால், வேர் முடிச்சில் இருக்கும் தழைச்சத்து மண்ணிலேயே தங்கும். வாடல் நோய், இலைக்கருகல் வந்த செடியைத் தயவுசெய்து உரக்குழியில் போட வேண்டாம், வீட்டு உரக்குழியின் சூடு நோய்க்கிருமி சாகும் அளவுக்கு ஏறுவது அபூர்வம். காலியான பாத்தியை வெறுமனே விடாமல் தட்டைப்பயறோ கொள்ளோ நெருக்கமாகத் தூவி, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதால் அடுத்த பட்டத்துக்கு மண் தயார்.

விதை எடுப்பதும் இப்போதுதான். ஒட்டு ரகமாகவோ வீரிய ரகமாகவோ இருந்தால் வேண்டாம், அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. நாட்டு ரகத் தக்காளி என்றால் நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, விதையைச் சாற்றோடு கண்ணாடி டம்ளரில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். மேலே வெண்ணிறப் படலம் கட்டி லேசாகப் புளித்த வாடை வரும். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும். அலசி, தட்டில் பரப்பி நிழலில் காய வையுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

சரி, இனி பறித்ததைப் பார்ப்போம். வெங்காயம், பூண்டு, பூசணிக்கு அடுப்பே தேவையில்லை. வெங்காயத் தாள் பாதிக்கு மேல் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, பிடுங்கி, காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் உலர்த்துங்கள், கழுத்துப் பகுதி சருகாகிச் சுருங்கினால் போதும். பூசணியைக் காம்போடு வெட்டுங்கள், காம்பு ஒடிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். உருளைக்கிழங்கை இருட்டில், வெங்காயத்திடமிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

உலர்த்துவதற்கு மிளகாயும் தக்காளியும் அருமையானவை. தக்காளியை அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, வெயில் நிச்சயமில்லாத நாளில் ஓவனிலோ உலர்த்தியிலோ 55 முதல் 60 டிகிரியில் வையுங்கள். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் வெளியே தோல் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். காய்ந்த துண்டை மடக்கிப் பார்த்தால் தோல் வார் போல வளைய வேண்டும், பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. மிளகாய் என்றால் குலுக்கும்போது உள்ளே விதை கலகலக்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒரு படி: ஆறியதும் ஜாடியில் முக்கால் பாகத்துக்குக் குறைவாக நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். ஜாடியின் உள்சுவரில் ஆவி படிந்தால் மறுபடி உலர்த்துங்கள். ஒரு வருடம் இந்தப் படியை விட்டுவிட்டு இரண்டு ஜாடித் தக்காளியைப் பூஞ்சையோடு கொட்டினேன், இன்றும் மனசு ஆறவில்லை.

பீன்ஸ், வெண்டை, கேரட்டை உறைய வைப்பதே சிறந்தது என்பேன். அப்படியே ஃப்ரீசரில் போட்டால் காய்க்குள் இருக்கும் நொதிகள் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் ருசியையும் தின்றுவிடும். பீன்ஸைக் கொதிக்கும் தண்ணீரில் 3 நிமிடம் போட்டு, எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் அதே நேரம் வையுங்கள். நீரை நன்றாக வடித்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய விட்டு, பிறகு பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினால் கட்டி கட்டாது. மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதம் தாராளமாக நிற்கும்.

முட்டைக்கோஸ், வெள்ளரி, முள்ளங்கியை உப்பில் புளிக்க வைக்கலாம். முட்டைக்கோஸ் என்றால் ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு, தராசில் நிறுத்துப் போடுங்கள். பிசைந்து அழுத்தினால் அதன் நீரிலேயே மூழ்கும், மேலே ஒரு துண்டுகூடத் தலைகாட்டக் கூடாது.

பாட்டிலில் காற்றுப்புகாமல் அடைப்பதில்தான் கண்டிப்பு வேண்டும். கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரிலும் சாகாமல், காற்றில்லாத பாட்டிலுக்குள் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே இருந்தால் அவை வளராது; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று அர்த்தம். தக்காளி சரியாக அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது, அதனால் அரை லிட்டர் சாஸுக்குப் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி கட்டாயம். பழத்தைப் பிழிந்தால் புளிப்பு ஒன்றுபோல் இருக்காது. சூடாகவே நிரப்பி, மேலே ஒரு விரலகல இடம் விட்டு, மூடியைப் போட்டு, பாட்டில் முழுதும் மூழ்கும் கொதிநீரில் 35 நிமிடம் வையுங்கள். உயரமான மலைப் பகுதியில் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். பீன்ஸ், கேரட், பூண்டு போன்ற புளிப்பில்லாத காய்களை வெறும் கொதிநீர் முறையில் அடைக்கவே வேண்டாம், உறைய வையுங்கள் அல்லது 5 சதவீத வினிகரில் ஊறவையுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பதும் அதே ஆபத்துதான். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது பீறிட்டாலோ, நாக்கில் வைத்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள், அந்த நஞ்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது.