பேஸ் ஸ்ட்ரிங் கேஜ் மாத்துறவங்க திரும்பத் திரும்பச் செய்ற தப்புங்க

இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் முந்தியெல்லாம் திருவிழாவுக்கு இசைக்குழு வந்தா பேஸ் லைனை கீபோர்ட்காரர் இடது கையாலேயே ஒப்பேத்திருவாரு. இப்ப அப்படி இல்ல, சர்ச்சுக்கு ஒரு பேஸ் கிட்டார், குழுவுக்கு ஒரு பேஸ், வீட்லயே வச்சு வாசிக்கிற பொடியனுங்களும் இருக்கானுங்க. சந்தோஷம்தான். ஆனா கேஜ் (ஸ்ட்ரிங்கோட தடிப்பு) மாத்துறேன்னு எலன் கீயைக் (ஆறு மூலைச் சாவி) கையில எடுத்தா எல்லாரும் நாங்க அந்தக் காலத்துல செஞ்ச அதே கூத்தைத்தான் செய்றானுங்க, அதுவும் அதே வரிசையில. ஏ ஸ்ட்ரிங் இருக்க வேண்டிய இடத்துல டி ஸ்ட்ரிங் போடுறது, ஸ்ட்ரிங்கை எதிர்ப்பக்கம் சுத்துறது, இதெல்லாம் நான் எழுதப் போறதில்ல, போட்ட உடனே உனக்கே தெரிஞ்சிரும். உடனே தெரியாம பின்னால வந்து கழுத்தைப் பிடிக்கிறதை மட்டும் சொல்றேன்.

காரணமே இல்லாம தடிப்பா போடுறது

பாக்கெட்ல 45-105னு இருந்தா மெல்லிசான ஜி ஸ்ட்ரிங் 0.045 இஞ்ச், தடிப்பான ஈ ஸ்ட்ரிங் 0.105 இஞ்ச். 34 இஞ்ச் ஸ்கேல் (அதிர்ற ஸ்ட்ரிங்கோட நீளம்) உள்ள சாதாரண பேஸ்ல இந்த செட்டை நார்மல் டியூனிங்ல ஏத்தினா நாலு ஸ்ட்ரிங்கும் சேந்து நெக்கை (விரல் வச்சு வாசிக்கிற நீளமான கழுத்து) இழுக்கிற இழுவை கிட்டத்தட்ட 80 கிலோ வரும். அதையே 40-95க்கு மாத்தினா பத்துக் கிலோவுக்கு மேல குறைஞ்சிரும். கேஜ் மாத்துறதுன்னா நெக்கு மேல இருக்கிற பாரத்தையே மாத்துறோம், அது தெரியாம ஸ்ட்ரிங்கை மட்டும் மாத்திட்டு ஏன் இப்படி உறுமுதுன்னு கேக்கக் கூடாது.

தடிச்ச ஸ்ட்ரிங் போட்டா சவுண்டும் தடிக்கும்னு நம்பி 50-110 வாங்குறவன்தான் நிறையப் பேர். வாங்குறதுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கு, டியூனிங்கை எறக்குறது. பாட்டுக்காரருக்கு மேல எட்டலன்னு குழு முழுக்க அரைக் கட்டை எறக்கி வாசிக்கிறதுன்னா ஒவ்வொரு ஸ்ட்ரிங்லயும் 11 வீதம் போல இழுவை போயிரும், முழுக் கட்டை எறக்கினா 20 வீதம், அப்ப ஈ ஸ்ட்ரிங் தொளதொளன்னு ஆடும். 100 போட்ட இடத்துல 105 போட்டா ஒரு 10 வீதம் திரும்பக் கிடைக்கும், அதனால அரைக் கட்டைக்கு ஒரு படி தடிப்பு, கணக்கு சரியா வந்துரும். டியூனிங் எறக்காம சும்மா தடிப்பா போட்டா உன் இடது கைதான் வலிக்கும். ஃப்ளாட்வௌண்ட் (மேல்சுத்து தட்டையா இருக்கிற ஸ்ட்ரிங்) போடுறவங்க இன்னொண்ணையும் பாத்துக்கணும், அதே நம்பர்லயே அது பெரும்பாலும் ரௌண்ட்வௌண்டை (மேல்சுத்து உருண்டையா இருக்கிறது) விட டைட்டா இருக்கும்.

வெட்டிட்டு வளைக்கிறது

மெஷின் ஹெட் போஸ்ட்ல (ஸ்ட்ரிங்கைச் சுத்தி டியூன் பண்ற முளை) இருந்து ஒரு நாலஞ்சு இஞ்ச் விட்டு அளந்து, வெட்டப் போற இடத்துக்கு முன்னால 90 டிகிரில நல்லா மடிச்சிட்டு அப்புறம்தான் வெட்டணும். மடிக்காம வெட்டினா உள்ள இருக்கிற கம்பி மேல சுத்தியிருக்கிற சுத்து நழுவும், நழுவின ஸ்ட்ரிங் புதுசா இருக்கும்போதே செத்த மாதிரி கேக்கும், வேற வழியில்ல, தூக்கிப் போட வேண்டியதுதான். 2022ல டாலர் ஏறினதுக்குப் பிறகு ஒரு செட் பேஸ் ஸ்ட்ரிங் என்ன விலைன்னு வாங்குறவனுக்குத்தான் தெரியும்.

ஆக்ஷன் ஏறிருச்சுன்னு ட்ரஸ் ராடைத் திருகுறது

இதுக்காகத்தான் எழுதவே ஒக்காந்தேன். ஆக்ஷன்னா ஃப்ரெட்டுக்கு (நெக்கு மேல குறுக்கால பதிச்ச கம்பி) மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம், ட்ரஸ் ராட்னா நெக்குக்குள்ள இருக்கிற இரும்பு ராட்.

எங்க குழுவுல எல்லாரும் காசு போட்டு வாங்கின பேஸ் ஒண்ணு இருந்துச்சு. வாசிக்கிற தம்பி திருவிழாவுக்கு முந்தின கிழமை 50-110 செட் போட்டுட்டு, ஆக்ஷன் தூக்கிருச்சு அண்ணேன்னு சொன்னான், பொறு ஞாயித்துக்கிழம பாப்போம்னு சொன்னேன், பொறுக்கல, டவுன்ல செட்டப் பண்ணித் தாறோம்னு சொன்ன ஒரு இடத்துல கொண்டுபோய்க் குடுத்துட்டான். திரும்ப வந்தப்ப ஸ்ட்ரிங் ஃப்ரெட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு, தம்பி முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நான் ஹெட் பக்கம் இருந்து நெக்கை ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தா நடுவுல மேடு. முன்னால வளைய வேண்டிய நெக்கைப் பின்னால வளைச்சு வச்சிருக்கான் அந்தாளு. திருவிழா ராத்திரி மேடையில முதல் அஞ்சு ஃப்ரெட்டும் டர்ர்ர்ருன்னு ஒரே இரைச்சல், எஃப் வாசிச்சா எஃப் வராது, ஜி வாசிச்சா பாதி ஜி. போய்க் கேட்டா, புது ஸ்ட்ரிங் அப்படித்தான் இருக்கும், பழகிரும்னு பதில். இப்ப நினைச்சாலும் எனக்கு எரியுது.

ட்ரஸ் ராடோட வேலை ஒண்ணே ஒண்ணு. ஸ்ட்ரிங் இழுக்கிற இழுவைக்கு நெக் வில்லு மாதிரி முன்னால வளையப் பாக்கும், உள்ள இருக்கிற இரும்பு ராட் அதுக்கு எதிரா நெக்கைப் பிடிச்சு வைக்கும். அந்த வளைவுக்குப் பேர் ரிலீஃப். ஸ்ட்ரிங் எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு தீர்மானிக்கிறது பிரிட்ஜ்ல (பாடி மேல ஸ்ட்ரிங் உக்காருற இடம்) இருக்கிற சாடில். ரெண்டும் ரெண்டு வேலை.

இதுல ஆளை ஏமாத்துறது என்னன்னா, கொஞ்சத் தூரத்துக்கு அந்தத் திருகல் சரிதான். தடிப்பு ஸ்ட்ரிங் போட்டதும் ரிலீஃப் கூடும், ரிலீஃப் கூடினா ஆக்ஷனும் சேந்து ஏறும், ராடைக் கொஞ்சம் இறுக்கினா ரெண்டும் எறங்கும். ஆஹா, கண்டுபிடிச்சிட்டோம்னு நினைச்சு இன்னும் இறுக்குவான். ரிலீஃப் பழைய அளவுக்கு வந்த இடத்துல நிப்பாட்டியிருக்கணும், இவன் ஆக்ஷன் தனக்குப் பிடிச்ச அளவுக்கு வாற வரைக்கும் போவான். நெக் நேராகி, அதையும் தாண்டிப் பின்னால வளையும். முன் ஃப்ரெட்ல இரையும். இரையுதேன்னு சாடிலைத் தூக்குவான், ஆக்ஷன் ஏறும், ஏறிருச்சேன்னு மறுபடி ராட். இப்படியே போய் ஒரு நாள் ராட் முனையில இருக்கிற நட்டோட மறை வழுக்கும், இல்லன்னா ராடே முறியும். ராட் முறிஞ்சா ஃப்ரெட்போர்டைப் பிரிச்சு எடுத்துத்தான் மாத்தணும், மலிவு பேஸுக்கு அந்த ரிப்பேர் செலவு பேஸ் விலையையே தாண்டிரும்.

எப்படிப் பாக்கிறது? புது ஸ்ட்ரிங்கைப் போட்டு, நீ எந்த டியூனிங்ல வாசிப்பியோ அதுலயே டியூன் பண்ணி, ஒரு ராத்திரி விட்டுரு. அடுத்த நாள் திரும்ப டியூன் பண்ணிட்டு ஈ ஸ்ட்ரிங்கை முதலாவது ஃப்ரெட்ல ஒரு கேப்போ (ஸ்ட்ரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) போட்டு அமுக்கு, நெக் பாடியோட சேர்ற இடத்து ஃப்ரெட்ல விரலால அமுக்கு, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல என்ன இடைவெளி இருக்குன்னு பாரு. 0.3 மில்லிமீட்டர் போல இருந்தா போதும். பைக் கராஜ்ல டெப்பட் செட் பண்ற ஃபீலர் கேஜ் இருக்குமே, அதை ஒரு பின்னேரத்துக்கு இரவல் வாங்கு, தரலன்னா சாதாரண விசிட்டிங் கார்ட் ஒண்ணு கிட்டத்தட்ட அந்தத் தடிப்புத்தான். இடைவெளி கூடவா இருந்தா ராட் நட்டுக்கு நேரா பாத்து மணிக்கூட்டு முள் சுத்துற பக்கம் கால் சுத்து, குறைவா இருந்தா எதிர்ப்பக்கம் கால் சுத்து. அதுக்கு மேல ஒரே தடவைல போகாத. திரும்ப டியூன் பண்ணு, திரும்ப அள. இறுக்கப் போறதா இருந்தா ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் லூஸாக்கிட்டு இறுக்கு, நட்டுக்குக் கஷ்டம் குறையும். அதோட முதல்ல லேசா லூஸ் பண்ற பக்கம் அசைச்சுப் பாக்கிறது நல்லது, நம்ம ஊர் ஈரத்துக்கு நட் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டும் இருக்கும்.

ரிலீஃப் சரியான பிறகு ராட் பக்கமே போகாத. இப்ப சாடில். 17ஆவது ஃப்ரெட்டுக்கு மேல ஈ ஸ்ட்ரிங்கோட அடிப்பக்கம் 2.4 மில்லிமீட்டர், ஜி 2 மில்லிமீட்டர், இதுல தொடங்கினா பிறகு உன் கைக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைக்கலாம். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட இரும்பு அடிமட்டம் ஒண்ணு போதும்.

இரைச்சல் எங்க வருதுன்னு கேட்டாலே பாதி வேலை முடிஞ்சிரும். முதல் நாலஞ்சு ஃப்ரெட்ல மட்டும் இரைஞ்சா நெக் ரொம்ப நேரா, இல்ல பின்னால வளைஞ்சிருக்கு, ராடை லூஸ் பண்ணு. மெல்லிசு ஸ்ட்ரிங்குக்கு மாறினவனுக்கு வாறது பெரும்பாலும் இதுதான். மேலயும் கீழயும் எல்லா இடத்துலயும் இரைஞ்சா சாடிலைத் தூக்கு. அமுக்காம சும்மா அடிக்கும்போது மட்டும் இரைஞ்சா அது மேல் நட்டோட (ஹெட் பக்கம் ஸ்ட்ரிங் உக்காந்திருக்கிற துண்டு) பிரச்சினை, ராடுக்கும் சாடிலுக்கும் சம்பந்தமில்ல.

கிட்டத்தட்ட சரியா இருக்கிற எலன் கீ

அந்தக் குழு பேஸை நான் சரி பண்ணப் போனப்ப ராட் நட்டு உள்ள ஆறு மூலையும் தேஞ்சு வட்டமாகியிருந்துச்சு. செட்டப் பண்ணின ஆளு அளவு பாக்காம கையில கிடைச்ச கீயை விட்டுத் திருகியிருக்காரு. அமெரிக்கன் பேஸ்ல இஞ்ச் அளவு, ஆசியாவுல செய்றதுல பெரும்பாலும் மில்லிமீட்டர். எட்டில ஒரு பங்கு இஞ்ச்னா 3.175 மில்லிமீட்டர், அதுக்குள்ள 3 மில்லிமீட்டர் கீ போகும், திருகவும் திருகும், ரெண்டு தடவைக்குப் பிறகு வழுக்கும். பதினாறில மூணு பங்கு இஞ்ச்னா 4.76, அதுல நாலரை மில்லிமீட்டர் கீ போட்டாலும் அதே கதைதான். கீ உள்ள போனதும் ஆடக் கூடாது, ஆடினா எடுத்துரு. சாடில்ல இருக்கிற குட்டி ஸ்க்ரூவுக்கும் இதே விதிதான், அது இன்னும் சீக்கிரமா தேஞ்சிரும். நம்ம பேஸை நட்சத்திர முனை உள்ள டோர்க்ஸ் பிட் ஒண்ணைத் தட்டி உள்ள இறக்கித்தான் லூஸ் பண்ணினோம், தட்டும்போது எனக்குக் கை நடுங்கினது வேற விஷயம்.

கொழும்புல இருந்து வந்த அன்னிக்கே செட்டப் பண்றது

பண்ணாத. நெக் மரம். கொழும்பு சூட்டுல கிடந்த பேஸைக் கோச்சில ஏத்திக்கிட்டு வந்து நுவரெலியாக் குளிர்ல, கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்துல, பேக்கைத் திறந்த உடனே அளந்தா அந்த அளவுக்கு அர்த்தமே இல்ல. ஒரு ரெண்டு நாள் ரூம்ல இருக்கட்டும். ஜூன், ஜூலையில ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழையும் பனிமூட்டமும்னு சுவரே வேர்க்கும், அதே நேரம் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காத்து காய்ஞ்சு கிடக்கும், அங்க ஒரு ப்ரோக்ராமுக்குப் போயிட்டு வந்தாலே நெக் கொஞ்சம் நகரும். அதனால வருசத்துக்கு ரெண்டு தடவை ரிலீஃபை அளந்து பாக்கிறது தப்பில்ல, ஆனா அளந்து பாக்கிறது வேற, ஒவ்வொரு மழைக்கும் திருகுறது வேற. லயத்து வீட்டுல (தோட்டத்து வரிசை வீடு) வெளிச்சுவரோட பேஸைச் சாத்தி வைக்காத, உள்சுவர்ப் பக்கமா பேக்ல போட்டு வை.

எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரேயடியா கழட்டினா நெக் போயிரும்

போகாது. கழட்டித் துடைச்சு அன்னிக்கே மாட்டிரு. பால் மெக்கார்ட்னி வாசிக்கிற ஹாஃப்னர் வயலின் பேஸ் மாதிரி பிரிட்ஜை ஸ்ட்ரிங்கே பிடிச்சு வச்சிருக்கிற சாமானா இருந்தா மட்டும் ஒண்ணொண்ணா மாத்து, இல்லன்னா பிரிட்ஜ் கையோட வந்துரும்.

மேல் நட்டை அரத்தால ராவுறது

100ல இருந்து 105க்குப் போறதுக்கெல்லாம் பெரும்பாலும் நட்டைத் தொடவே தேவையில்ல. அஞ்சு ஸ்ட்ரிங் செட்ல கீழ நாலை மட்டும் எடுத்து பி, ஈ, ஏ, டின்னு டியூன் பண்றவங்களுக்குத்தான் உண்மையிலேயே வேணும், ஏன்னா 105 இருந்த காடில (நட்டுல ஸ்ட்ரிங் உக்காருற பள்ளம்) 130 உக்காராது, மேலயே தொத்திக்கிட்டு நிக்கும், முதலாம் ஃப்ரெட் அமுக்கினா சுருதி மேல போயிரும். அப்பவும் அகலத்தைத்தான் கூட்டணும், ஆழத்தை இல்ல. ஆழம் கூடினா அமுக்காம அடிக்கிற ஸ்ட்ரிங் இரையும், அதைத் திரும்ப நிரப்புறது பெரிய வேலை. நாளைக்கு மெல்லிசுக்குத் திரும்பணும்னு நினைச்சா அகலமான காடில ஸ்ட்ரிங் அங்கயும் இங்கயும் ஆடும், அதனால பழைய நட்டைக் கழட்டிப் பத்திரமா வச்சிட்டு புது நட்டைப் போட்டு ராவு.

பழைய ஸ்ட்ரிங்ல இன்டொனேஷன் பாக்கிறது

இன்டொனேஷன்னா ஃப்ரெட்ல அமுக்கினா வாற சுருதி சரியா இருக்கான்னு பாக்கிறது. பழசுல பாத்தா நேரம் வீண்.

புது ஸ்ட்ரிங்ல அவசரப்பட்டு இன்டொனேஷன் பாக்கிறது

இதுவும் வீண், காரணம் சொல்றேன். தடிச்ச ஸ்ட்ரிங் சாடில் மேல உடனே மடியாது, ஒரு வளைவாவே ஏறி எறங்கும். சாடிலுக்கு முன்னால விரலால ஒரு அமுக்கு அமுக்கி விட்டா அந்த இடத்துல ஒழுங்கா மடியும், பாதிப் பேருக்கு இதுலயே சரியாகிரும். பிறகு 12ஆவது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கையும் (அமுக்காம லேசா தொட்டு அடிக்கிற சுருதி) அமுக்கின சுருதியையும் டியூனர்ல ஒப்பிடு. அமுக்கினது ஷார்ப்பா (சுருதி கூடவா) இருந்தா சாடிலைப் பின்னால தள்ளு, ஃப்ளாட்டா (குறைவா) இருந்தா நெக் பக்கம் கொண்டு வா, ஒவ்வொரு தடவையும் திரும்ப டியூன் பண்ணிட்டுத்தான் பாக்கணும். தடிப்புக்கு மாறினவனுக்கு சாடில் பின்னால போகும், ஈ ஸ்ட்ரிங்கோட சாடில்தான் பெரும்பாலும் எல்லாத்துக்கும் பின்னால நிக்கும். ஆக்ஷனை மாத்தினா இன்டொனேஷனும் மாறும், அதனால இது ஆக்ஷனுக்குப் பிறகுதான்.

பிக்கப்

கடைசி ஃப்ரெட்டை அமுக்கிக்கிட்டு ஈ ஸ்ட்ரிங்குக்கும் கீழ இருக்கிற பிக்கப்புக்கும் (ஸ்ட்ரிங் அதிர்றதைப் பிடிக்கிற காந்தம்) நடுவுல 3 மில்லிமீட்டர் போல இடம் இருக்கான்னு பாரு. சாடிலை எறக்கினவன் பிக்கப்பை எறக்க மறந்துருவான், காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து மேல் ஃப்ரெட்ல சுருதி ஆடும், அதுக்கும் போய் ராடைத் திருகுவான்.