தண்ணி என்றால் தண்ணீரும்தான்: ஜப்பான் சிங்கிள் மால்ட்டை நம் ஊரில் குடிப்பது எப்படி

போன மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் மாமா கோக் புட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டு நான் கொல்லையிலிருந்து ஓடிவந்தேன். அதற்குள் ஊற்றிவிட்டார். டம்ளரில் இருந்தது யமஸாகி 12 என்ற ஜப்பான் விஸ்கி. சிங்கப்பூரிலிருந்து திருச்சி விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்த புட்டி. ஏன் மாமா என்றேன். “ராவா அடிச்சா தொண்டை எரியுது மாப்ள. தண்ணி ஊத்தினா நல்ல சரக்கு கெட்டுப்போயிடும்கிறாங்க. அதான் கோக்” என்றார்.

அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். நல்ல விஸ்கியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டது நம் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று தெரிந்தால் டம்ளரை அப்படியே நகர்த்திவைக்கிற கும்பகோணம் காபிக்காரர்களுக்கு அது சட்டென்று பிடித்தும்போகும். ஆனால் ஜப்பான்காரன் விஸ்கி குடிக்கிற முறையில் பாதி, தண்ணீர் ஊற்றுகிற முறைதான். நாம் சாராயத்துக்கே ‘தண்ணி’ என்று பேர் வைத்தவர்கள்; நமக்கு இது புரியாமலா போகும்?

நான் மன்னார்குடிப் பக்கம். ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். பன்னிரண்டு பேர் உட்காரும் கவுண்ட்டர். முதல் எட்டு மாதம் எனக்கு ஐஸ் வெட்டுகிற வேலை மட்டும்தான். முதலாளியைத் தாய்ஷோ என்று கூப்பிடுவோம், இங்கே மேஸ்திரி என்கிற மாதிரி. கீழே வருவதில் பெரும்பாலானது அவர் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது.

எப்படிச் செய்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். டெல்டாவில் நாற்றங்கால் விட்டவர்களுக்கு மால்ட் என்றால் என்னவென்று தனியாக விளக்கத் தேவையில்லை. விதைநெல்லை ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி இருட்டில் வைக்கிறோம். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் கதகதவென்று இருக்கும். வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அந்த நெல்லில் ஒன்றை உமி நீக்கிக் கடித்துப் பாருங்கள், லேசாக இனிக்கும். செடி வளர்வதற்காக விதை தன்னிடமுள்ள மாவைச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிட்டது. நாம் அதை வயலில் விதைக்கிறோம். விஸ்கிக்காரன் பார்லியை இதே மாதிரி முளைகட்டி, முளை மேலே வளர்வதற்குள் சூடான காற்றில் காயவைத்து நிறுத்திவிடுகிறான். அதுதான் மால்ட். காயவைக்கும்போது பீட் என்ற சதுப்பு நிலக் கரிமண்ணை எரித்துப் புகை காட்டினால் புகைவாசம் பிடித்துக்கொள்ளும். காட்டாவிட்டால் இல்லை. ஜப்பானில் பயன்படும் மால்ட்டில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக பிரிட்டனிலிருந்து, கப்பலில் வருகிறது. தண்ணீரும் காற்றும் மரமும் கையும்தான் ஜப்பானுடையவை.

அப்புறம் மால்ட்டை உடைத்து, 65 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் ஊறவைத்து இனிப்புத் தண்ணீராக வடிப்பார்கள். அதில் ஈஸ்ட் சேர்த்து மூன்று நாள் போல விட்டால் பீர் மாதிரி 7, 8 சதவீதச் சரக்கு கிடைக்கும். அதைச் செம்பு வாலையில் இரண்டு தடவை காய்ச்சி வடிக்க வேண்டும். சித்த வைத்தியர்கள் வாலை என்பார்களே, அதேதான். கழுத்து நீண்ட பெரிய கூஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பு வெறும் பாத்திரமில்லை, கந்தக வாடையை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. இரண்டாம் வடிப்பில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் எடுப்பார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் கொல்லையில் அடுப்பு மூட்ட வேண்டாம். சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.)

வாலை என்றதும் யோய்ச்சி வடிசாலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மசதாக்கா தக்கெட்சுரு என்று ஒருவர், ஹிரோஷிமா பக்கம் தக்கெஹாராவில் சாக்கே என்ற அரிசி மது தயாரிக்கும் குடும்பத்துப் பிள்ளை. 1918-ல் ஸ்காட்லாந்துக்குப் போய்த் தொழில் கற்றார். 1920-ல் ரீட்டா என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். பின்னாளில் சன்டோரி ஆன கம்பெனியின் ஷின்ஜிரோ தொரீ, ஒயின் விற்றுச் சம்பாதித்தவர், இவரை வேலைக்கு வைத்து 1923-ல் யமஸாகியில் வடிசாலை கட்டத் தொடங்கினார். 1929-ல் வந்த முதல் விஸ்கி விற்கவில்லை. புகைவாசம் ஜப்பான் நாக்குக்கு ஒத்துவரவில்லை. 1934-ல் தக்கெட்சுரு தனியே பிரிந்து, வடகோடியில் குளிர் மிகுந்த ஹொக்கைடோ தீவின் யோய்ச்சிக்குப் போய்க் கடை விரித்தார். விஸ்கி முதிர வருஷக்கணக்காகுமே, அதுவரை ஆப்பிள் சாறு விற்றார். அந்தக் கம்பெனிதான் இன்றைய நிக்கா. யோய்ச்சியில் இன்றைக்கும் வாலைக்கு அடியில் நிலக்கரித் தீதான். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆள் கரி அள்ளிப்போட வேண்டும். ஒவ்வொரு வாலையின் கழுத்திலும் வைக்கோல் கயிறு திரித்து, வெள்ளைக் காகிதம் தொங்கவிட்டுக் கட்டியிருப்பார்கள். சாக்கே வீடுகளின் வழக்கம் அது. தாய்ஷோ அந்தப் படத்தைக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பொங்கல் பானைக் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்துதான் ஞாபகம் வந்தது.

யமஸாகி இருக்கும் இடமும் நமக்குப் புரிகிற இடம்தான். கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில் கட்சுரா, உஜி, கிசு என்று மூன்று ஆறுகள் சேர்ந்து யோதோ ஆறாகிற இடம். நம் முக்கொம்பில் ஆறு பிரிகிறது, அங்கே சேர்கிறது. மூன்று தண்ணீரும் மூன்று விதச் சூட்டில் வந்து சேர்வதால் பனிமூட்டம் அதிகம். மரப் பீப்பாய்க்கு அந்த ஈரம் நல்லது. அந்த ஊர்த் தண்ணீருக்கு விஸ்கிக்கு முன்பே பேர் உண்டு. தேநீர்ச் சடங்கின் ஆசானான சென் நோ ரிக்யூ 16-ம் நூற்றாண்டில் தேநீர் அறை அமைத்ததும் யமஸாகியில்தான்.

வடித்த சரக்கு தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். நிறமும் பாதிக்கு மேல் வாசமும் பீப்பாயில்தான் ஏறுகின்றன. அமெரிக்க ஓக், ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் எல்லாம் ஸ்காட்லாந்து மாதிரியேதான். ஜப்பானுக்கென்று தனியாக உள்ளது மிஸுநாரா என்ற அவர்கள் ஊர் ஓக். ‘மிஸு’ என்றால் தண்ணீர். ஈரம் மிகுந்த மரம், முறுக்கிக்கொண்டு வளரும், பீப்பாய் செய்தால் ஒழுகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பீப்பாய் வராமல் போனதால் வேறு வழியில்லாமல் எடுத்தார்கள். முதலில் மர நெடி தூக்கலாக இருந்ததாம். பல வருஷம் ஊறியபிறகு சந்தனமும் அகிலும் கலந்த வாசம் வந்தது. ஜப்பானியர்கள் கோயில் வாசம் என்கிறார்கள். நான் முகர்ந்தபோது எனக்கு வந்தது எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் தீர்த்தச் சொம்பு.

ஜப்பான் வடிசாலைகள் ஒன்றுக்கொன்று பீப்பாயை விலைக்கோ மாற்றுக்கோ கொடுத்துக்கொள்வது அபூர்வம். ஸ்காட்லாந்தில் அது அன்றாடம். அதனால் ஒரே கூரைக்கடியில் பல வடிவ வாலை, பல வித ஈஸ்ட், பல மரம் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவர்களே செய்கிறார்கள். சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாய் என்று மாமா நினைத்திருந்தார். அப்படியில்லை. ஒரே வடிசாலை, முழுக்க மால்ட் பார்லி, அவ்வளவுதான். உள்ளே பல பீப்பாய்கள் கலந்திருக்கும். 12 என்று போட்டிருந்தால் அதில் இளையதற்கு 12 வயது. யமஸாகி, ஹக்குஷு, யோய்ச்சி, மியாகிக்யோ, சிச்சிபு இவையெல்லாம் சிங்கிள் மால்ட். ஹிபிக்கி அருமையான சரக்கு, ஆனால் பிளெண்ட், அதாவது மால்ட்டோடு வேறு தானிய விஸ்கியும் கலந்தது. தக்கெட்சுரு பியூர் மால்ட் இரண்டு வடிசாலைகளின் மால்ட்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஜப்பான் எழுத்து ஒட்டியதெல்லாம் ஜப்பான் விஸ்கி இல்லை. வெளிநாட்டுச் சரக்கை மொத்தமாக இறக்கிப் புட்டியில் அடைத்து விற்ற காலம் உண்டு. 2021-ல் அவர்கள் உற்பத்தியாளர் சங்கம் விதி கொண்டுவந்தது: ஜப்பான் தண்ணீர், ஊறவைப்பது முதல் வடிப்பது வரை ஜப்பானில், 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில் ஜப்பானிலேயே குறைந்தது 3 வருஷம், புட்டியில் அடைப்பதும் அங்கேயே, ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையாமல். ஆனால் இது சங்கத்தின் விதிதான், நாட்டின் சட்டமல்ல. தெரியாத பேராக இருந்தால் எந்த வடிசாலை என்று லேபிளில் தேடுங்கள். அந்தப் பேரே இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். நம் பக்கத்தில் சுலபமான வழி வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான்தான். ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. காரைக்காலில் விலை குறைவென்று வாங்கிக்கொண்டு எல்லை தாண்டினால் செக்போஸ்ட்டில் பதில் சொல்ல வேண்டிவரும்.

சரி, குடிப்பதற்கு வருவோம். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிறமும் தெரியாது, வாசமும் அடங்கிப்போகும். வாய் குறுகிய கண்ணாடி கிளாஸ் போதும். முதலில் 15 மில்லி மட்டும் ஊற்றி முகருங்கள். வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு எரியும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரை வெயிலில் நம் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி. அந்தச் சூட்டில் முதலில் எழும்புவது ஸ்பிரிட் நெடிதான், பழவாசமெல்லாம் அதற்கடியில் போய்விடும்.  ஃபிரீசரில் புட்டியை வைத்தால் வாசம் அடியோடு அடங்கிவிடும். நான் செய்வது பானைத் தண்ணீர். பழகிய மண்பானையாக இருக்க வேண்டும். புதுப்பானை மண்வாசம் அடிக்கும், வெட்டிவேர் போட்ட பானை சுத்தமாக ஆகாது. ஊற்றுகிற தண்ணீர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ இருக்கலாம், உப்பு போர் தண்ணீர் மட்டும் கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

அந்தப் பானைத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் விட்டு மறுபடி முகருங்கள். முன்பு ஒளிந்திருந்த பேரிக்காயோ தேனோ மேலே வரும். 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் கணினியில் ஆராய்ந்து சொன்னார்கள்: ஆல்கஹால் அளவு குறையும்போது புகைவாசம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு கிளாஸில் உள்ள சரக்கின் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறதாம். சரக்கும் தண்ணீரும் சரிபாதி, ஐஸ் இல்லாமல், இது இன்னொரு முறை. ட்வைஸ் அப் என்பார்கள். ருசி பார்க்க எனக்குப் பிடித்தது இதுதான்.

சாப்பாட்டோடு என்றால் மிஸுவாரி. ‘தண்ணீர் கலந்தது’ என்பதுதான் அதன் பொருள், வேறு ரகசியமில்லை. கிளாஸ் நிறைய ஐஸ். 30 மில்லி சரக்கு. முதலில் சரக்கையும் ஐஸையும் மட்டும் நன்றாகக் கலக்கிச் சில்லென்று ஆக்க வேண்டும். பதிமூன்றரைச் சுற்று என்று ஒரு கணக்கு சொல்வார்கள். தாய்ஷோ எண்ணியதில்லை, கிளாஸின் வெளிப்புறம் வேர்க்கும்வரை என்பார். கரைந்த இடத்துக்கு ஐஸ் சேர்த்து, இரண்டு பங்கோ இரண்டரைப் பங்கோ தண்ணீர் விட்டு, மூன்று சுற்று. ஹைபாலுக்கு இதே முறைதான், தண்ணீருக்குப் பதில் மூன்று, நான்கு பங்கு சோடா. சோடா ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், ஐஸ் மேல் படாமல் ஓரமாக ஊற்ற வேண்டும். பிறகு கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு தூக்கு. அதற்கு மேல் கலக்கினால் வாயு போய்விடும். இரண்டாவது தூக்கு போட்டதற்காக நான் ஒரு நாள் முழுக்கத் தட்டு கழுவியிருக்கிறேன். கார்த்திகை அடைமழையில் சுடுதண்ணீர் இரண்டு பங்கு விட்டும் குடிக்கலாம்.

ஐஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மெனக்கெடுங்கள். ட்ரேயில் வரும் வெள்ளை ஐஸ் உள்ளே காற்று நிறைந்தது, சீக்கிரம் கரைந்து சரக்கை அழவைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சின்ன தெர்மோகோல் பெட்டியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மூடாமல் ஃபிரீசரில் வையுங்கள். பக்கமும் அடியும் காப்பாக இருப்பதால் மேலிருந்து கீழாகத்தான் உறையும். காற்றும் அழுக்கும் அடிக்குத் தள்ளப்படும். முழுக்க உறைவதற்குள், கரண்ட் கட் இல்லாத நாளென்றால் 18 மணி நேரம் போல, எடுத்துக் கவிழ்த்து அடியில் உறையாத தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மேல்பாதி கண்ணாடி மாதிரி இருக்கும். ஐந்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டு ரம்பக் கத்தியை வைத்து, கத்தி முதுகில் தட்டுங்கள், நேராகப் பிளக்கும். அவசரப்பட்டு உடனே தட்டினால் சில்லுச்சில்லாகும்.

சைடிஷ். ஊறுகாய் வேண்டாம், ப்ளீஸ். ஒரு நக்கு நக்கினால் அரைமணி நேரம் நாக்கு அதன் கைவசம்தான். ஹைபாலுக்கு விரால் வறுவல், இறால் வறுவல், எலுமிச்சை பிழிந்தது பொருந்தும். தண்ணீர் கலந்ததற்கு வறுத்த முந்திரி போதும். மாமா கடலைமிட்டாயோடு யோய்ச்சியைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் புகைக்கு வெல்லம் நன்றாக இருக்கிறது என்றார். எனக்குத் தோன்றாமல் போயிற்று. வண்டியில் வந்தவர்கள் அன்றைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுக்கை.

மிச்சமிருந்தால் புட்டியை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விட்டால் உள்ளே காற்று அதிகமாகி வாசம் சில மாதத்தில் மங்கும், சின்னப் புட்டிக்கு மாற்றிவிடுங்கள். குளிர்ச்சியாக, இருட்டாக, யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று நான் ஹக்குஷு புட்டி ஒன்றை அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்குப் பின்னால் வைத்தேன். அந்தக் கார்க்கில் இன்றுவரை பாச்சை உருண்டை வாசம்.