தூத்துக்குடியை வளர்க்க நினைக்கும் காரைக்குடி ஃபார்வர்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கைப் பக்கம் மற்றவர்களின் சரக்கை வாங்கிக் கப்பலேற்றி அனுப்பும் ஃபார்வர்டர்கள் நாலு பேர் சங்கமாகச் சேர்ந்தால் முதல் கூட்டத்திலேயே ஒரு மனு தயாராகிவிடுகிறது. தூத்துக்குடிக்குக் கூடுதல் கப்பல் வேண்டும், நேரடி சர்வீஸ் வேண்டும், கட்டணம் குறைய வேண்டும் என்று. நானும் அப்படி ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு தூத்துக்குடியில் ஒரு கப்பல் லைனின், அதாவது கப்பல் நிறுவனத்தின், அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாரத்துக்கு எத்தனை பெட்டி சார் வரும்? எந்த ஊருக்கு?" எங்களில் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கு தெரியும். ஊர்க்கணக்கு ஒருவருக்கும் தெரியவில்லை. மனுவை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: சரக்கை ஒன்றுசேர்த்துக் காட்டாமல் கப்பலைக் கேட்பது முதல் தவறு. தூத்துக்குடி 1974-ல் பெருந்துறைமுகமானது, 2011-ல் வ.உ.சி. பெயரைப் பெற்றது. 2024 செப்டம்பரில் 14 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள தளத்தோடு மூன்றாவது கன்டெய்னர் முனையமும் திறந்தாயிற்று. அப்படியிருந்தும் இங்கிருந்து போகும் கன்டெய்னர் பெட்டிகளில் பெரும்பகுதி ஃபீடர் எனும் சிறிய இணைப்புக் கப்பலில் கொழும்புக்குப் போய் அங்கேதான் பெரிய கப்பல் ஏறுகிறது. பெரிய கப்பல் நேராக இங்கே வர வேண்டுமென்றால் வாராவாரம் தவறாமல் பெட்டி வரும் என்ற நம்பிக்கை லைனுக்கு வேண்டும். அந்த நம்பிக்கையைச் சங்கம் கொடுக்கலாம். ஆனால் எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை என்றதும் எல்லோரும் பின்வாங்குகிறோம். "என் பார்ட்டி யாரென்று தெரிந்தால் நாளைக்கே இன்னொருத்தர் போய் நிற்பார்" என்பதுதான் பயம். நியாயமான பயம். ஆனால் பார்ட்டியின், அதாவது சரக்கு கொடுக்கும் வாடிக்கையாளரின், பெயரை யாரும் கேட்கவில்லை. எந்தத் துறைமுகத்துக்கு, எந்த மாதம், எத்தனை டன், எத்தனை கன மீட்டர் என்பது போதும். அதையும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆடிட்டரிடம் தனித்தனியாகக் கொடுத்தால் அவர் மொத்தத்தை மட்டும் சொல்வார். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்துக்கொண்டு இங்கே ஐந்தொகை (வரவு செலவு, சொத்து, கடன் கணக்கு) பார்த்த ஊர் இது. நமக்குக் கணக்கு வராது என்று சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. ரங்கூனில் நகரத்தார் கோயிலில் கூடி, எல்லோருக்கும் பொதுவான நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள் என்பதைப் பெருமையோடு சொல்லி, "அதுபோல நாமும் ஒரே ரேட் வைத்துவிடலாமே" என்று கூட்டத்தில் யாராவது எழுந்துவிடுவார்கள். கூடவே கூடாது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி, போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பது சட்ட விரோதம். சங்கத்தின் பெயரில் செய்தாலும் அப்படித்தான். அபராதம் சங்கத்தோடு நிற்காது, உறுப்பினர்கள் மேலும் விழலாம். சரக்கின் அளவைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் சர்வீஸ் சார்ஜைப் பற்றிப் பேசாதீர்கள். வாட்ஸ்அப் குழுவிலும்தான்.

அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், காசு இங்கேதான் கிடக்கிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை ஏற்றும்போது ஒருமுறை கூடவே நின்று பாருங்கள். 20 அடிப் பெட்டியில் கல்லை நிற்கவைத்து, ஆப்பு வைத்து இறுக்கிக்கொண்டே வருவார்கள். இடுப்பு உயரம் வருவதற்குள் எடை 25 டன்னை நெருங்கிவிடும், நிறுத்தச் சொல்லிவிடுவோம். மேலே பாதிப் பெட்டிக்கு மேல் காற்றுதான். முதன்முதலாக ஏற்றுமதி செய்த ஒரு பட்டறைக்காரர் என்னிடம் வருத்தத்தோடு கேட்டார்: "அண்ணே, பாதிகூட நிறையலையே, முழு வாடகையா?" அதே வாரத்தில் இன்னொருவர் பனையோலைக் கொட்டான்களை (கூடைகளை) அனுப்புகிறார். அவருக்கு நேர் எதிர். பெட்டி கூரை வரை நிறைந்துவிடும், எடை ஒன்றுமே இருக்காது. ஒருவர் எடைக்கும் மற்றவர் இடத்துக்குமாக இரண்டு பேரும் தனித்தனியே முழு வாடகை கொடுக்கிறார்கள். ஒரே ஊருக்குப் போகும் சரக்கென்றால் பலருடைய சரக்கைப் பெட்டியில் ஏற்றித் தரும் சி.எஃப்.எஸ். கிடங்கில் கீழே கல், நடுவில் பலகை, மேலே கொட்டான் என்று ஒரே பெட்டியில் சேர்த்துவிடலாம். கல் கொஞ்சம் குறைவாக ஏற வேண்டியிருக்கும், ஆனாலும் இருவருக்கும் லாபம். ஈரம் காயாத கல்லை மட்டும் இப்படிச் சேர்க்கக் கூடாது, மேலே இருக்கும் ஓலை பூஞ்சை பிடித்துவிடும். முறுக்கு, அதிரசம் போன்ற தின்பண்டத்தைக் கல்லோடு சேர்க்கவே வேண்டாம்.

இப்படிச் சேர்ப்பதற்கு இரண்டு ஃபார்வர்டர்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். நம் சங்கங்கள் மாலை மரியாதைக்கு மட்டும் கூடுவதால் அந்தப் பழக்கம் வருவதில்லை.

ஏற்றுமதி செய்பவரிடம் விலை விதிமுறையைப் பற்றிப் பேசாமல் விடுவதும் பெரிய தவறு. இங்குள்ள சிறு பட்டறைகள் பெரும்பாலும் கப்பலில் ஏற்றும் வரை மட்டும் பொறுப்பான எஃப்.ஓ.பி.க்கோ, வாசலிலேயே ஒப்படைக்கும் எக்ஸ் வொர்க்ஸுக்கோ ஒத்துக்கொள்கின்றன. பொறுப்பு குறைவு என்று தோன்றும். ஆனால் அப்போது கப்பலைத் தேர்ந்தெடுப்பவர் வாங்குகிறவர். அவருடைய ஃபார்வர்டருக்குச் சென்னை பழக்கமென்றால் சரக்கு சென்னைக்குப் போகும். ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் ஒரு துறைமுகம் இருக்க, 400-க்கும் மேல் லாரி ஓடும். கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையையும் கூடவே கொடுத்துப் பாருங்கள் என்று பட்டறைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தால், துறைமுகத்தைத் தீர்மானிக்கும் உரிமை இந்த ஊருக்கு வரும். தூத்துக்குடிக்காக ஒரு சங்கம் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பலன் தருவது எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒருவர் செய்யும் பிழை எல்லோரையும் பாதிக்கும் என்பதையும் மறந்துவிடுகிறோம். ஒரே இடத்திலிருந்து வரும் சரக்கில் இரண்டு முறை குளறுபடி என்றால் கஸ்டம்ஸ் அடுத்த பெட்டிகளையும் திறந்து பார்க்கத் தொடங்கும். ஆத்தங்குடிக் கல் சிமென்ட் பொருள், கஸ்டம்ஸ் வகைப்பாட்டில் அதன் தலைப்பு எண் 6810. டைல்ஸ் என்ற பெயரைப் பார்த்து செராமிக்குக்கான 6907-ல் போட்டுவிடுகிறார்கள். சரக்கை அடைக்கும் மரக்கூடுகளுக்கு, மரத்தின் மையம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது போன்ற ஏற்கப்பட்ட பூச்சி ஒழிப்பு முறைக்கான முத்திரை இருக்க வேண்டும். அவசரத்துக்குப் பக்கத்து மரக்கடைப் பலகையை அடித்து அனுப்பினால் போய்ச் சேரும் நாட்டில் சரக்கோடு திருப்பி அனுப்பிவிடலாம். சரக்கு ஏற்றிய பெட்டியின் எடைச் சான்று 2016 ஜூலையிலிருந்து கட்டாயம். அது இல்லாமல் பெட்டி கப்பலேறாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய பொருள்களை அனுப்புகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது குறைவென்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகே பேக்கிங்கைத் தொடங்க வேண்டும். பேக்கிங் முடித்துவிட்டுச் சான்றுக்கு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன், கப்பலுக்குப் பெட்டியை ஒப்படைக்கும் கட்-ஆஃப் நேரம் போய்விடும்.

சரி, எல்லாச் சரக்கையும் தூத்துக்குடிக்கே இழுத்துக்கொண்டு போகலாமா? வேண்டாம். கிழக்கே போகும் அவசரச் சரக்குக்குச் சென்னையிலிருந்து நேரடிக் கப்பல் கிடைத்தால் அதில் அனுப்புவதுதான் பார்ட்டிக்கு நல்லது. அதை மறைத்து ஊர்ப்பற்றைக் காட்டினால் அடுத்த ஆர்டர் நம்மிடம் வராது. தொண்டியை மறுபடி கப்பல் துறையாக்கலாம் என்ற பேச்சும் அவ்வப்போது வருகிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், கன்டெய்னர் கப்பலுக்கு அது தாங்காது. சங்கத்துக்கு இருக்கும் கொஞ்ச நேரத்தை அதில் செலவிடக் கூடாது.

அப்புறம், பணம். ஆண்டுச் சந்தாவை நம்பினால் இரண்டாம் வருடம் வசூலாகாது. இந்த ஊருக்கு மகமை தெரியும், நடந்த வியாபாரத்திலிருந்து பொதுக் காரியத்துக்குச் சிறிது எடுத்துவைப்பது. அதுபோல அனுப்பும் பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை வைக்கலாம். அனுப்பாதவர் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் ஆடிட்டருக்கு மாதக்கூலி. மீதி சேர்ந்ததும் தூத்துக்குடி சி.எஃப்.எஸ்.ஸில் வாரம் ஒருநாள் நின்று, நம் பக்கத்துச் சரக்கைச் சேர்த்துப் பெட்டியில் ஏற்றிவிட ஓர் ஆள்.